ராஜா வீடு பார்க்க வந்த மகராசங்களுக்கு

வாங்க தம்பி, வாங்க. வண்டியை அந்த மரத்து நிழல்ல விடுங்க. வெயில்ல விட்டா திரும்பி வந்து சீட்டுல உட்கார முடியாது. ஏம்மா தங்கச்சி, புள்ளைங்களுக்குத் தொப்பி இருக்கா? இருந்தா மாட்டிவிடு. இப்ப என்ன கேக்கப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். “மாளிகைமேடு எங்க இருக்கு பெரியவரே?” அதானே? நீங்க நிக்கிற இடந்தான். அண்ணாந்து தேடாதீங்க, குனிஞ்சு பாருங்க.

பள்ளத்துல செவப்பாக் கிடக்குது பாருங்க, அதான் ராஜேந்திர சோழன் குடியிருந்த அரண்மனை. லோன் பாதியில நின்னுபோன வீட்டு அஸ்திவாரம் மாதிரி இருக்கில்ல? இருக்கும். அதுக்காக மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க.

இங்க உக்காந்துக்கிட்டு நான் பாக்காத முகம் கிடையாது. கார்லேர்ந்து இறங்குற வரைக்கும் ஒவ்வொரு அப்பனும் சக்கரவர்த்திதான். அணைக்கரைப் பாலத்துலயே கதையை ஆரம்பிச்சிடுவாரு. “கங்கை வரைக்கும் படை அனுப்பி ஜெயிச்சவன்டா, கடாரத்துக்குக் கப்பல் விட்டவன்டா, அவன் அரண்மனையைப் பாக்கப் போறோம்.” பின் சீட்டுல புள்ளைங்க வாயைப் பொளந்துக்கிட்டு வரும். இங்க இறங்கினதும் அவரு முகம் ஒரு சுத்து சுருங்கும். பெண்சாதியைத் திரும்பிப் பார்ப்பாரு. அந்தம்மா பார்க்குற பார்வையில “ஊட்டிக்கே போயிருக்கலாம்”னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கும். உடனே ஐயா போனை எடுத்து, மேப்புல வேற எங்கயாச்சும் நிஜமான மாளிகை இருக்கான்னு தேட ஆரம்பிப்பாரு. புள்ளைங்களுக்கு மட்டும் ஒரு வருத்தமும் இருக்காது. பள்ளம், மேடு, செங்கல், ஓட ஒரு வெட்டவெளி. அதுங்க வந்த வேலை முடிஞ்சுது.

முதல்ல கோயிலைப் பாத்துட்டு வந்தீங்களா, நேரா இங்கயா? கோயிலைப் பாத்துட்டுன்னா, கெடுத்தீங்க காரியத்தை. அங்க 55 மீட்டர் உசரத்துக்குக் கல் விமானத்தைப் பாத்த கண்ணு, ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இந்த முழங்கால் உசரச் சுவரைப் பாத்தா என்ன சொல்லும்? காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி இங்க வரணும். ஒண்ணுமில்லாததை முதல்ல பாத்துட்டு, அப்புறம் கோயிலுக்குப் போகணும். அப்பத்தான் “ஏம்ப்பா, சாமி வீடு மட்டும் எப்படி நின்னுது? ராஜா வீடு எங்க போச்சு?”ன்னு புள்ளை தானாக் கேக்கும். கேக்காட்டி இன்னும் சின்னப் புள்ளைன்னு விட்டுடுங்க. நீங்களாப் பிடிச்சு உக்கார வச்சு கேள்வியையும் சொல்லி பதிலையும் சொல்லாதீங்க. லீவு விட்டிருக்காங்க தம்பி, பாவம்.

கேட்டா என்ன சொல்றது? அதை நான் சொல்றேன், நீங்க தெரிஞ்ச மாதிரி சொல்லிக்குங்க. ராஜேந்திரன் பட்டத்துல இருந்தது 1014-லேர்ந்து 1044 வரைக்கும். வடக்கே கங்கை வரைக்கும் போன படை ஜெயிச்சுத் திரும்பின கையோட, அப்பன் ராஜராஜன் ஆண்ட தஞ்சாவூரை விட்டுட்டு, 1025-ஐ ஒட்டி இங்க கங்கைகொண்ட சோழபுரம்னு புதுசா ஊரைக் கட்டி, தலைநகரத்தையே தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. ஏன் வந்தாருன்னு பெரிய படிப்பு படிச்சவங்க நிறைய எழுதியிருக்காங்க. அப்பன் வீட்டுல இருந்தா கடைசி வரைக்கும் புள்ளைதான், தனி வீடு எடுத்தாத்தான் ஆம்பளைன்னு நான் நினைச்சுக்குவேன். உங்க வீட்டுலயும் அந்தப் பேச்சு வந்திருக்குமே, தங்கச்சி சிரிக்குது பாருங்க. அதுக்கப்புறம் சோழ வம்சம் 1279-ல முடியுற வரைக்கும், கிட்டத்தட்ட 250 வருசம், இந்த முள்ளுக்காடுதான் ராஜதானி. உலகத்துல எந்தெந்த ஊர்க்காரனோ இங்க வந்து கைகட்டி நின்னிருக்கான். இன்னைக்கு எங்க ஊருக்கு டவுன் பஸ் வர்றதுக்கு நாங்க கைகட்டி நிக்கிறோம்.

அந்த 250 வருசத்துல கட்டின கோயிலெல்லாம் கருங்கல்லு. குடியிருந்த வீடு மட்டும் செங்கல்லும் மரமும். சாமிக்குத்தான் கல்லு, மனுசனுக்கு மண்ணும் மரமும் போதும்னு அப்ப ஒரு வழக்கம். சக்கரவர்த்தியே ஆனாலும் அதான். இன்னைக்கு நம்ம ஊர் கவுன்சிலர் வீட்டுக்குப் போட்டிருக்கிற கிரானைட்டைப் பாத்தா ராஜேந்திரன் கொஞ்சம் யோசிச்சிருப்பாரு. ஆனா செங்கல்லுன்னு அலட்சியமா நினைச்சுடாதீங்க. அந்தச் சுவரு ஒரு மீட்டருக்கு மேல தடிமன். நடுநடுவுல கருங்கல் பாளம் பதிச்சு, அது மேல மரத்தூணை நிறுத்தியிருக்காங்க. மேல ஓடு. ஓடு நழுவாம இருக்க இரும்பு ஆணி. 1980-லேர்ந்து தமிழ்நாடு தொல்லியல் துறைக்காரங்க விட்டு விட்டுத் தோண்டுனாங்க. 2021-ல மறுபடியும் ஆரம்பிச்சுத் தோண்டுனாங்க. தோண்டத் தோண்ட ஓடும் ஆணியும் கூடை கூடையா வந்துது. மரத்தூணு எங்கன்னா, மண்ணு தின்னுடுச்சு. கரையானுக்கு ராஜா வீட்டுத் தேக்கு, நம்ம வீட்டுக் கதவுன்னு பேதம் கிடையாது.

பையன் “இவ்ளோதானா ராஜா வீடு?”ன்னு கேப்பான். கேக்கட்டும். தோண்டினது கொஞ்சம், தோண்டாதது நிறைய. நீங்க வந்த ஊரு உட்கோட்டை, கோட்டைக்கு உள்ள இருந்த ஊரு. பக்கத்துல ஆயுதகளம்னு ஒரு ஊரு இருக்குது, மெய்க்காவல்புத்தூர்னு ஒண்ணு இருக்குது. அங்கெல்லாம் வீடு கட்டி, முந்திரி போட்டு, மாடு மேச்சு நாங்க இருக்கோம். அத்தனையையும் எழுப்பிட்டு அரண்மனை பாக்கணும்னா முதல்ல எங்களைக் காலி பண்ணணும். அதுக்கு நீங்க இன்னொரு லீவுல வரணும்.

சரி, வீடு எங்க போச்சுன்னுதானே கேட்டீங்க. ஆளு ஆளுக்கு எடுத்தாங்க. மொதல்ல பாண்டியன். சோழன் நொடிச்ச காலத்துல மாறவர்மன் சுந்தர பாண்டியன் வந்து தஞ்சாவூரையும் உறையூரையும் கொளுத்திட்டு, இடிச்ச இடத்துல கழுதையைப் பூட்டி உழுது கவடி விதைச்சேன்னு அவரே கல்வெட்டுல பெருமையா வெட்டி வச்சிருக்காரு. இங்கயும் அந்தக் கைதான் விழுந்துதுன்னு சொல்றாங்க. இந்தக் கழுதைக் கதையைப் புள்ளைங்கக்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. பள்ளிக்கூடத்துல சொல்ல மாட்டாங்க. நீங்க மெய்க்கீர்த்தி, திக்விஜயம்னு ஒரு மணி நேரம் பேசினாலும் ஊருக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள மறந்துடும். கழுதை மறக்காது.

அப்புறம் வெள்ளைக்காரன். நீங்க கும்பகோணம் வழியாத்தானே வந்தீங்க? அணைக்கரையில கொள்ளிடத்தைத் தாண்டினீங்கல்ல? அப்ப அரைமணி முன்னாடியே கங்கைகொண்ட சோழபுரத்தைப் பாத்துட்டீங்க. 1836-ல ஆர்தர் காட்டன் துரை அங்க கீழணை கட்டுனாரு. கல்லு வேணும். பக்கத்துல எங்க கிடைக்கும்? கோயில் மதில்லதான் அடுக்கித் தயாரா இருந்துது. பேத்து எடுத்துட்டாங்க. ஊர்க்காரங்க தடுத்திருக்காங்க. தடுத்தவங்களுக்குத் தண்டனையும், கல்லுக்குப் பதிலா செங்கல்ல மதில் கட்டித் தர்றோம்னு வாக்குறுதியும் கிடைச்சுதாம். 1855-லயே அச்சுல வந்திருக்குது அந்தச் சங்கதி. மதில் வரலை. வாக்குக் குடுத்துட்டு மறக்கிறதை நம்ம ஆளுங்கதான் கண்டுபிடிச்சாங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன், இல்லையாம். காட்டன் துரையைத் திட்டவும் எனக்கு வாய் வரலை. அந்த அணைத் தண்ணியில விளைஞ்ச அரிசியத்தான் தின்னு வளந்தோம்.

மூணாவது யாரா? கிட்ட வாங்க, சத்தமாச் சொல்லக் கூடாது. நாங்கதான். எங்க தாத்தன், பூட்டன். வீடு கட்டணும், கிணறு கட்டணும், செங்கல்லுக்குச் சூளை போட விறகு வேணும், கூலி வேணும். இங்க மண்வெட்டியால நாலு கொத்து கொத்துனா சுட்ட செங்கல்லு, ராஜா முத்திரை போடாத குறை, வண்டி வண்டியாக் கிடைக்குது. யாரு விடுவா? தொல்லியல்காரங்க தோண்டுன இடத்துல பல சுவரு அச்சு மட்டும் இருக்குது, செங்கல் இல்லை. சுவரு நின்ன பள்ளத்துல மண்ணு மூடிக்கிடக்கு. அதைப் பாத்துட்டு “செங்கல் திருட்டு நடந்திருக்குது”ன்னு எழுதினாங்க. திருட்டுன்னா எழுதுறது? மறுசுழற்சின்னு எழுதியிருந்தா எங்களுக்கு விருது கிடைச்சிருக்கும். எங்க மாட்டுக்கொட்டாய்ச் சுவருல அகலமா, பட்டையா நாலஞ்சு வரிசை இருக்குது. மாடு கொம்பைத் தேச்சுக்கிட்டு நிக்கும். கங்கை கொண்டவன் கட்டுன சுவருடா, கொஞ்சம் மெதுவாத் தேய்னு சொல்லிப் பார்த்தேன். கேக்கலை.

இதையெல்லாம் விட்டுட்டு உங்க பொண்ணு வேற ஒண்ணு கேக்கும், எல்லாப் பொண்ணும் கேக்குது: “குந்தவை ரூம் எது தாத்தா?” சினிமா பாத்துட்டு வர்ற வினை. பாப்பா, பொன்னியின் செல்வன் கதை நடக்கிறப்ப இந்த ஊரே கிடையாது. குந்தவை ராஜேந்திரனுக்கு அத்தை. அருள்மொழி, அதான் ராஜராஜன், ராஜாவாகி, அவரு மகன் ராஜாவாகி, கங்கைக்குப் படை போய்த் திரும்பின பெறகுதான் இங்க முதல் செங்கல்லு. நீ படத்துல பாத்த பெரிய பெரிய மதிலும் மாடமும் வடக்கே குவாலியர், ஓர்ச்சாவுல எடுத்தது, மிச்சம் செட்டு. அந்த மாளிகையை நினைச்சுக்கிட்டு இந்த மாளிகையைத் தேடுனா கிடைக்காது. தம்பி, நீங்க அதுக்காக “இங்கதாம்மா குந்தவை ஊஞ்சல் ஆடுனாங்க”ன்னு அள்ளி விடாதீங்க. புள்ளை வாயை மூடுறதுக்குச் சொல்ற பொய்யி பத்தாங்கிளாஸ்ல வெளிய வரும். அப்ப நீங்க சொன்ன நிஜத்தையும் சேத்து நம்பாது.

பேரு வேணுமா, நிஜமான பேரே இருக்குது. ராஜேந்திரன் மகன் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டுல “சோழகேரளன் திருமாளிகை”ன்னு இங்க இருந்த அரண்மனையைச் சொல்லியிருக்காங்க. அதுல உக்காந்த ஆசனத்துக்குக்கூட மாவலிவாணராயன்னு பேரு. நாற்காலிக்குப் பேரு வச்ச குடும்பம்! உங்க பையன் வீட்டுக்குப் போய் சோபாவுக்குப் பேரு வைப்பான், பாருங்க.

அப்புறம் சீனாக்காரன் பாத்திரம். தோண்டுனப்ப வெள்ளையும் பச்சையுமா சீனப் பீங்கான் துண்டு நிறைய கிடைச்சுது. சங்கு வளையல், கண்ணாடி வளையல், மணி, தந்தத்துல செஞ்ச சாமான் எல்லாம் கிடைச்சுது. சும்மா வரலை அந்தப் பீங்கான். 1015-லயும் 1033-லயும் சோழன் தூதுக்குழு சீனா போய்ச் சேர்ந்திருக்குது. 1077-ல குலோத்துங்க சோழன் 72 பேரை அனுப்பினாரு. போனவன் சும்மா திரும்புவானா? “சைனா சாமான் வாங்காதே”ன்னு வீட்டுல சண்டை போடுறீங்களே, ஆயிரம் வருசமா வாங்கிக்கிட்டுத்தான் இருக்கோம். இதுல எனக்குப் புடிச்சது என்னன்னா, உள்ளதெல்லாம் உடைஞ்ச துண்டு. அரண்மனையிலயும் ஏதோ ஒரு வாண்டு கோப்பையைப் போட்டு உடைச்சிருக்குது. எவளோ ஒரு ஆயா யாருக்கும் தெரியாம அள்ளிக் கொல்லையில கொட்டியிருக்கா. அதை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில வச்சு விளக்குப் போட்டுக் காட்டுறாங்க. உங்க புள்ளை தட்டை உடைச்சா இனிமே முதுகுல போடாதீங்க. பத்திரமாப் புதைச்சு வைங்க.

புள்ளைங்களை எப்படிப் பாக்க விடுறதுன்னு கேட்டா, சும்மா விடுங்க. சுவரு ஓரமா நடந்து எது அறை, எது நடை, எங்க வாசல்னு அதுங்களே பிரிச்சுக்கும். நாங்க சின்ன வயசுல இதுமேல எருமை மேய்ச்சோம். எங்களுக்கு இல்லாத அறிவு உங்க புள்ளைங்களுக்கு இருக்குது. ஆனா வேலி, கயிறு கட்டியிருக்கிற இடத்தைத் தாண்ட விடாதீங்க. சுவரு மேல ஏத்தி நிக்க வச்சு போட்டோ எடுக்காதீங்க. பாண்டியன் தப்பவிட்டது, துரை தப்பவிட்டது, எங்க தாத்தன் தப்பவிட்டது, நீங்க ஒரு செல்பியில முடிச்சுடாதீங்க.

வயித்தைப் பாத்துக்குங்க. இங்க ஓட்டலு கிடையாது, ஜெயங்கொண்டம் போகணும். கோடையில வந்தா ரோட்டோரத்துல நுங்கு வெட்டிக்கிட்டிருப்பாங்க. அதை ஸ்பூன் கேட்டுக் கேவலப்படுத்தாதீங்க. கட்டைவிரலை விட்டு உறிஞ்சணும். தம்பி சட்டையில கொஞ்சம் ஒழுகும், தங்கச்சி திட்டும், அது லீவுக் கணக்குல சேத்தி.

கோயிலைப் பத்தி நான் அதிகம் சொல்லலை. அதைச் சொல்ல அங்க நிறைய பேர் நிக்கிறாங்க. 2004-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்ததும் அது எங்களை விடப் பெரிய மனுசன் ஆயிடுச்சு. ரெண்டு மூணு மட்டும் புள்ளைங்களுக்குக் காட்டுங்க. சிங்கத்து வயித்துக்குள்ள படி போட்ட மாதிரி ஒரு கிணறு இருக்குது. கோயிலை மறந்துட்டு அங்கயே நிக்கும் குட்டிங்க. நந்தி ஒரே கல்லு இல்லை, செங்கல் வச்சுக் கட்டி சுண்ணாம்பு பூசினது. பின்ன, வடக்குப் படிக்கட்டுப் பக்கம் சண்டேசுவரர் தலையில சிவபெருமான் பூமாலை சுத்திவிடுற சிலை. அதுல குனிஞ்சிருக்கிற ஆளு ராஜேந்திரன்தான்னு சொல்றவங்க உண்டு. ஊரையெல்லாம் குனிய வச்சவன் இங்க எப்படிக் குனிஞ்சிருக்கான்னு காட்டுங்க. காதலர் பேரு எழுதுற வயசுல யாராச்சும் கூட வந்திருந்தா கையைப் பிடிச்சுக்குங்க. பாதுகாக்கப்பட்ட சின்னத்துல கிறுக்கினா ரெண்டு வருசம் வரைக்கும் செயிலு, ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். 1958-ல போட்ட சட்டத்தை 2010-ல இறுக்கிட்டாங்க. அந்தக் காசுக்குக் கல்யாணமே முடிச்சுடலாம்.

சாயங்காலம் நேரம் இருந்தா பொன்னேரிக் கரைக்குப் போங்க. சோழகங்கம்னு ராஜேந்திரன் வெட்டுன ஏரி அதுதான். ஜெயிச்ச ராஜாவெல்லாம் கல்லுல தூண் நட்டான். இவரு கங்கைத் தண்ணியைக் குடத்துல வாங்கிட்டு வந்து, தண்ணியாலயே வெற்றித்தூண் வச்சேன்னு திருவாலங்காட்டுச் செப்பேட்டுல எழுத வச்சாரு. தெற்கே கொள்ளிடத்துலேர்ந்து ஒரு வாய்க்காலு, வடக்கே வெள்ளாத்துலேர்ந்து ஒரு வாய்க்காலு. கரை மட்டும் 16 மைல்னு வெள்ளைக்காரன் காலத்துக் குறிப்பு. பெரும்பகுதி தூந்து காடாப் போச்சு. இருந்தாலும் இருக்கிற தண்ணிக்கு மாடு இறங்குது, வயலு குடிக்குது. அவரு கட்டுனதுல இன்னமும் வேலைக்குப் போய்க்கிட்டிருக்கிறது கோயிலும் அந்த ஏரியுந்தான். குடியிருந்த வீடு இங்க கிடக்குது.

ஆடித் திருவாதிரை அன்னைக்கு மட்டும் வராதீங்க. ராஜேந்திரன் பிறந்தநாள்னு அரசாங்கமே விழா எடுக்குது. மேளதாளம், போலீசு, மந்திரி காருன்னு ரோடு நெறிஞ்சுபோயிருக்கும். அன்னைக்குப் பூரா ராஜா பேரைச் சொல்லி எல்லாரும் பேசுவாங்க, மாளிகைமேட்டுக்கு வந்து குனிஞ்சு பாக்க ஒருத்தருக்கும் நேரம் இருக்காது. சாதாரண நாள்ல வாங்க. நான் இங்கதான் இருப்பேன்.

அட தம்பி, ஒரு நிமிசம். பையன் சட்டைப் பை கனமாத் தொங்குதே, அதைக் கொஞ்சம் பாருங்க. ஞாபகார்த்தமா ஒரு துண்டுச் செங்கல்லு, ஒரு ஓட்டாஞ்சில்லுன்னு எடுத்திருப்பான். வாங்கி அந்தப் பள்ளத்தோரமே வச்சுடுங்க. எடுக்க வேண்டியதையெல்லாம் எங்க ஊர்க்காரங்க எப்பவோ எடுத்தாச்சு.